விளையாட்டு என்றாலே வீண்தானா?

“அவனா? எந்நேரமும் கேம் விளையாடுகிறவன்!”

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும். ஒரு மாணவனைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் எண்ணம். அவன் தேறமாட்டான், வீட்டுக்கு உதவமாட்டான், சீக்கிரமே கண்ணாடி போடுவான். தீர்ப்பு முடிந்தது! இந்தத் தீர்ப்பு எனக்கும் பலமுறை வழங்கப்பட்டிருக்கிறது. மேல்முறையீடு செய்யும் நோக்கத்துடன்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மாணவ நண்பர்களே! பெரியவர்களின் அச்சம் வெற்று அச்சம் அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இணையவழிச் சீட்டாட்டத்தில் சேமிப்பையும் நகையையும் தொலைத்த குடும்பங்களின் கதையை நாம் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அதனால்தான் தமிழகச் சட்டமன்றம் 2022-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2025-இல் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது எங்கள் தெருவில் தாய்மார்கள் அடைந்த மகிழ்ச்சி இன்னும் கண்முன் நிற்கிறது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான் அந்தத் தடை வந்தது என்றாலும், தங்கள் பிள்ளைகளுக்காகவே அரசு இறங்கி வந்ததாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்!

ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நியாயமா? சீட்டுக்கட்டும் விளையாட்டுத்தான், சதுரங்கமும் விளையாட்டுத்தான். இரண்டும் ஒன்றென்று யாராவது கூறுவாரா? கணினி விளையாட்டிலும் அவ்வாறே வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி, நானே ஓராண்டுக் காலம் ஆடிப் பார்த்த ஒன்றைப் பற்றி, இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அதன் பெயர் எட்ரியன் ஒடிசி. ஜப்பான் நாட்டின் அட்லஸ் நிறுவனம் 2007 சனவரியில் வெளியிட்டது. அங்கே அதன் பெயர் ‘செகாய்ஜு நோ மெய்க்யூ’. ‘உலக மரத்தின் சுழல்வழி’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நிண்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவிக்காக எழுதப்பட்டது. அந்தக் கருவிக்கு மேலும் கீழுமாக இரண்டு திரைகள். கீழ்த்திரையில் சிறு கோலால் எழுதலாம். 2023 சூனில் இதன் முதல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டுச் சாதாரணக் கணினிக்கும் வந்துவிட்டன. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அத்தான் விடுமுறைக்கு வந்தபோது தம் பழைய மடிக்கணினியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதனுள்ளே இந்த விளையாட்டும் இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது!

கதை எளியது. எட்ரியா என்றொரு சிற்றூர். அதன் அருகே நிலம் வாய் பிளந்து கிடக்கிறது. உள்ளே இறங்கினால் இருட்டுக் குகையை எதிர்பார்ப்போம். இருப்பதோ பச்சைப் பசேலென்ற காடு! காட்டுக்குக் கீழே காடு, அதற்கும் கீழே இன்னொரு காடு என்று முப்பது தளங்கள். ஐந்து தளத்துக்கு ஒருமுறை காட்சி முற்றிலும் மாறும். ஐந்தாம் பகுதியில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஆட விரும்புவோரின் இன்பத்தைக் கெடுக்கலாகாது. நம்முடன் வருவோர் ஐவர். அவர்களை நாமே தேர்ந்து பெயர் சூட்டி அழைத்துச் செல்ல வேண்டும். வாள்வீரர், கேடயம் தாங்குவோர், மருத்துவர், இரசவாதி எனப் பல தொழிலினர் உண்டு. பாட்டுப் பாடியே கூட்டத்தாருக்கு வலிவூட்டும் பாணரும் உண்டு! என் பாணனுக்குக் காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் நினைவாகப் பெயர் வைத்தேன். அவரை ஆதரித்த ஊத்துமலை ஜமீனின் அரண்மனை எங்கள் வீரகேரளம்புதூரில்தானே இருக்கிறது! இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். எட்ரியா ஊரின் ஆட்சிமன்றத்துக்கு ராதா என்று பெயர். கண்ணன் கோயில் உள்ள ஊர்க்காரனாகிய எனக்கு அது அந்நிய நாடாகவே தோன்றவில்லை.

இத்தகைய கதை நமக்குப் புதிதா? என் ஆச்சி சொல்லாத கதையா? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள்ளே கூண்டு, கூண்டுக்குள்ளே கிளி, அந்தக் கிளியிடம் அரக்கனின் உயிர்! ஆச்சியின் கதையில் அரசகுமாரனுக்கு மூன்று இடங்களில் வழி தவறும். ஜப்பானியர் கதையில் முந்நூறு இடங்களில் தவறுகிறது; வேறுபாடு அவ்வளவே. சக்கர வியூகத்துள் புகத் தெரிந்து வெளிவரத் தெரியாத அபிமன்யுவை நாம் அறிவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலும் பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டிலும் தரையில் கல் அடுக்கிச் சுழல்வழி அமைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். பழைய அரண்மனை உள்ள எந்த ஊரிலும் சுரங்கப்பாதைக் கதை ஒன்று உலவும். எங்கள் ஊர்ச் சிறுவர்களும் அதற்கு விலக்கல்லர்.

நிற்க. இந்த விளையாட்டை நான் உயர்த்திப் பேசுவது கதைக்காக அன்று. இதில் வரைபடம் கிடையாது என்பதற்காகவே!

ஆம், வழிகாட்டும் படம் எதுவும் தரப்படுவதில்லை. கட்டம் போட்ட வெறுந்தாள் ஒன்றுதான் தரப்படுகிறது. ஓரடி எடுத்து வைத்தால் ஒரு கட்டம். இடப்பக்கம் சுவர் இருந்தால் நாமே கோடிழுக்க வேண்டும். கதவைக் கண்டால் கதவுக் குறி, படிக்கட்டைக் கண்டால் படிக்கட்டுக் குறி. ஒருபக்கமாக மட்டும் நுழையக்கூடிய புதர்வழி என்றால் அம்புக்குறி. முதன்முதலாக உள்ளே நுழைந்ததும் காவலன் ஒருவன் வழிமறிக்கிறான். ‘முதல் தளத்தின் இந்தப் பகுதியை வரைந்து காட்டு, பிறகு போகலாம்’ என்பதே அவன் நிபந்தனை. அரக்கனைக் கொன்று வா என்று சொல்லவில்லை, பொன்னைக் கொண்டு வா என்று சொல்லவில்லை. வரைந்து வா என்கிறான்!

நான் அலட்சியமாக வரைந்தேன். இரண்டாம் தளத்தில் அதற்குரிய தண்டனை கிடைத்தது. ஒரே ஒரு சுவரைக் குறிக்க மறந்தேன்; திரும்பும்போது வழி இருப்பதாக எண்ணி முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே எஃப்.ஓ.இ. என்று ஒருவகைப் பெருவிலங்கு உண்டு. நாம் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைக்கும்; நாம் நின்றால் அதுவும் நிற்கும். அதனோடு மோதுவது தொடக்கத்தில் தற்கொலைக்கு ஒப்பாகும். அது எந்தத் தடத்தில் சுற்றுகிறது என்பதைக் கண்டு, குறித்து, எண்ணி, அது மூலை திரும்பும் நேரத்தில் பின்னால் நழுவிச் செல்ல வேண்டும். வீரம் அன்று, கணக்கு! என் ஐவரும் அன்று மாண்டனர். ஆனால் இங்கே ஒரு செய்தி. கூட்டத்தார் அனைவரும் மாண்டு, சேர்த்த பொருளெல்லாம் போனாலும், ‘வரைந்த படத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாமா?’ என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. ஆம் என்றால், அடுத்த முறை இறங்கும்போது அந்தப் படம் நம் கையில் இருக்கும். ஆள் போனாலும் படம் மிஞ்சுகிறது. இதை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை.

இது ஜப்பானியர் தாமே கண்டுபிடித்த முறையும் அன்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இருவர், ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்போர், 1981-இல் ‘விசார்ட்ரி’ என்ற சுரங்க விளையாட்டை ஆப்பிள் கணினிக்கு எழுதினர். நம்மைப் போன்ற மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள்! அக்காலத்துக் கணினி வழியை வரைந்து காட்டவில்லை. எனவே ஆடுவோர் பக்கத்தில் கிராஃப் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரைந்தனர். அது ஜப்பானுக்குப் போய் வேரூன்றிற்று. ஹாலந்தில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த ஹென்க் ரோஜர்ஸ் 1984-இல் ‘பிளாக் ஆனிக்ஸ்’ செய்தார். 1986-இல் யூஜி ஹோரியின் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்து வீட்டுக்கு வீடு பரவியது. பின்னர்க் கணினிகள் வளர வளர, வழியைத் தாமே காட்டத் தொடங்கின. அம்புக்குறி போகும் திசையில் போனால் போதும் என்றாயிற்று. பழைய பென்சிலை மறுபடி ஆடுவோர் கையில் கொடுத்ததே எட்ரியன் ஒடிசி செய்த காரியம்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாறும் அனுமன் நதியும் எங்கள் ஊர்ப்பக்கம் கூடுகின்றன. ஆறு இரண்டு, வாய்க்கால் பல, குளங்கள் வேறு. சென்ற பிசானச் சாகுபடியின்போது அப்பாவுக்கு முழங்காலில் வலி. “ஏல, மடையில தண்ணி தொறந்தாச்சாம். நம்ம வயலுக்கு வந்துட்டான்னு பாத்துட்டு வா” என்று என்னை அனுப்பினார். போனேன். குளத்தங்கரையிலிருந்து வாய்க்காலோடு நடந்தேன். சற்றுத் தூரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் தண்ணீர் ஓடியது. இன்னொன்று மண்வைத்து அடைக்கப்பட்டிருந்தது. எது எங்களுடையது? எனக்குத் தெரியவில்லை! பிறந்து இருபது ஆண்டுகளாக அந்த நெல்லைத்தான் தின்கிறேன். கைப்பேசியை எடுத்து வரைபடத்தைப் பார்த்தேன். பெரிய சாலையையும் பெட்ரோல் பங்கையும் காட்டியது. வாய்க்கால் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம். பக்கத்து வயல்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வழி காட்டினார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிரவு வழக்கம்போல் மடிக்கணினியைத் திறந்தேன். பதினான்காம் தளம். அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: “ஏல, ராத்திரி பூரா எலிவளைக்குள்ள சுத்துத மாதிரி சுத்துதியே, என்னத்தல தேடுத?” நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் மேல்பாதியில் தெரிந்த காட்டைப் பார்க்கவில்லை. நான் வரைந்திருந்த கட்டப் படத்தையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “இது என்னது, நம்ம குளத்து மடை மாதிரில்லா பிரிஞ்சு பிரிஞ்சு போவுது?” என்றார்.

மறுநாள் நான்கு கிராஃப் தாள்களை வாங்கி ஒட்டினேன். என் பத்து எட்டுக்கு ஒரு கட்டம் என்று அளவு வைத்துக்கொண்டேன். மேலமடையிலிருந்து தொடங்கினேன். மதகு ஒரு குறி, கிளை பிரியும் இடம் ஒரு குறி, கலுங்கு ஒரு குறி. ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தண்ணீர் ஏறும் மேட்டுக்கு அம்புக்குறி. விளையாட்டில் கற்ற குறிதான். மாலையில் வந்து அப்பாவிடம் காட்டினால் அவர் சும்மா இருக்கவில்லை. “இந்தக் கிளை கீழ இருந்து வராதுல, மேல இருந்துல்லா வரும். இங்கன ஒரு கல்லு கெடக்கும் பாரு, அதை விட்டுட்டியே. அதுதான் முறைக்கல்லு. அதுவரைக்கும் தண்ணி நின்னாத்தான் அடுத்தவன் தொறக்கணும்.” ஒவ்வொரு நாளும் என் படத்தில் பிழை கண்டுபிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்காயிற்று. பழைய வரப்புத் தகராறுகள், யார் விட்டுக்கொடுத்தது, எந்த ஆண்டு வெள்ளத்தில் எந்த மடை உடைந்தது என்று அவர் பேசியவற்றைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளில் அப்பாவும் நானும் அவ்வளவு பேசியதில்லை.

எங்கள் குளத்துக்கு நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். எந்த மடையை எத்தனை நாழிகை திறக்க வேண்டும் என்பது முழுவதும் அவர் மனத்தில்தான் இருந்தது. அவர் போனபின் ஒவ்வொரு பருவத்திலும் சண்டை. பட்டாவையும் புலப்படத்தையும் இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நானும் எடுத்துப் பார்த்தேன். நிலத்தின் எல்லை அதில் துல்லியமாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் எந்த முறையில் திரும்பும் என்பது அதில் இருக்குமா? அந்த முதியவர் ஒரு தாளில் கிறுக்கி வைத்திருந்தால்கூடப் போதுமே என்று ஊரார் இப்போது சொல்கிறார்கள். காப்பாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கியதுதான் இந்தியப் பெருநில அளவையாயிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அவருடைய பெருங்கருவி மோதிப் பழுதுற்றது. அவரே அமர்ந்து பழுது நீக்கினார் என்று படிக்கிறோம். தேர்வுக்காக இதை ஒரு பத்தியில் மனப்பாடம் செய்திருந்தேன். வாய்க்கால் சேற்றில் எட்டு எண்ணி நடந்து, நடுவில் எண்ணிக்கை தவறி, மீண்டும் மதகுக்கே திரும்பிய அன்றுதான் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்பது விளங்கிற்று.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. விடை அச்சிட்ட கையேடுகளை வாங்கி, விடையை வரி மாறாமல் எழுதி, மதிப்பெண் பெற்று வெளியேறுகிறோம். வழி தெரியாமல் ஓரிடத்தில் நின்று விழிக்கும் வாய்ப்பு நமக்கு மூன்றாண்டுகளில் ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. அந்த வாய்ப்பை எனக்குத் தந்தது ஒரு விளையாட்டு என்றால், குற்றம் விளையாட்டின் மேல்தானா?

ஆயினும் ஒருபக்கமே பேசுவது வழக்கறிஞர் தொழில். என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்விளையாட்டு நேரத்தைத் தின்னும். முடிக்க நாற்பது, ஐம்பது மணி நேரமாவது வேண்டும். எனக்கு அதற்கும் மேலாயிற்று. ‘இந்தத் தளம் மட்டும்’ என்று உட்கார்ந்து விடிகாலைப் பால்காரர் மணியைக் கேட்டிருக்கிறேன். அதன் பயனாக ஓர் உள்மதிப்பீட்டுத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கு எழுதினால் இக்கட்டுரையை எவரும் நம்பமாட்டார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து வலிவு சேர்க்கும் சலிப்பும் அதில் உண்டு. விளையாட்டு நன்று, விளையாடிய நான் அவ்வளவு நன்றல்லன் என்று கொள்க.

அண்மையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டைப் பற்றி அறிந்தேன். கனடாவின் டொரொண்டோ நகரில் இயங்கும் ‘விசை’ என்ற சிறு குழுவினர் 2023-இல் வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண்ணொருத்தி, தன் தாயின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளைத் தானே யூகித்துச் சமைக்க வேண்டும். முதல் படைப்புக்கான பிரித்தானிய பாஃப்டா விருது 2024-இல் அதற்குக் கிடைத்தது. இட்லியும் புட்டும் அந்த மேடைவரை போயிருக்கின்றன! அங்கேயும் அழிந்த குறிப்பேடு. இங்கேயும் எழுதப்படாத மடைமுறை. நம் கல்லூரிக் கணினித்துறை நண்பர்கள் மனம் வைத்தால், சுழல்வழிக் காட்டுக்குப் பதில் சிற்றாற்றுப் பாசனத்தையே ஏன் ஒரு விளையாட்டாக்கக் கூடாது? கார் பருவத்தில் சாரல் பொய்த்தால் எந்த மடையை அடைப்பாய் என்று கேட்கட்டுமே. ஜப்பானியரின் பெருவிலங்கைவிடப் பயங்கரமான எஃப்.ஓ.இ. ஒன்றுக்கும் நம் வாய்க்கால் கரையில் பஞ்சமில்லை. மண்வெட்டியுடன் இரவில் வரும் பக்கத்து வயல்காரர் போதும்!

வரலாற்றுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குளத்தின் மடைகளை நடந்து வரைந்து வந்து துறையில் சேர்க்கட்டும். மதிப்பெண் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

என் படம் இன்னும் முடியவில்லை. கீழமடைக்கு அப்பால் வாய்க்கால் புதிய வீட்டுமனைகளுக்குள் நுழைந்து மறைகிறது. குழாய் வழியாக அடியில் போகிறது என்கிறார் ஒருவர். மூடியே விட்டார்கள் என்கிறார் மற்றொருவர். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது சற்றுத் தேவலை. பொங்கல் விடுமுறையில் இருவரும் அந்தப் பக்கம் நடந்து பார்ப்பதாக இருக்கிறோம்.